நம் வியாபாரக் கணக்கை யாரெல்லாம் படிக்கிறார்கள்?

கிளிமூக்கு, பெங்களூரா, தோத்தாபுரி. மூன்றும் ஒரே மாங்காய்தான் என்பது கிருஷ்ணகிரியில் பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாது. 2025 தொடக்கத்தில் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாம்பழ மண்டியின் எட்டு சீசன் கணக்கை அலசிக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. முதல் நாள் கிடைத்த விடை: அந்த மண்டியில் அதிகம் விற்ற ரகம் செந்தூரா. மண்டிக்காரர் சிரித்துவிட்டார்.

"தம்பி, நம்ம மண்டில பாதி லோடு பெங்களூராதான். செந்தூரா எங்கிருந்து வந்துச்சு?"

தோண்டிப் பார்த்தால், பில் போடும் பையன் மாறும்போதெல்லாம் காயின் பெயரும் மாறியிருக்கிறது. சென்னையில் வேலை பார்த்துவிட்டு வந்தவன் கிளிமூக்கு என்று அடித்திருக்கிறான். மாம்பழக் கூழ் ஃபேக்டரி லோடுகளைக் கவனித்தவன், ஃபேக்டரியில் சொல்வதுபோல் தோத்தாபுரி. அவசரக்காரன் ஒருவன் வெறும் 'பெ.ரா.' ஒரே காய் நான்காக உடைந்து நின்றதில் செந்தூரா முதலிடத்துக்கு ஏறிவிட்டது. எடையிலும் இதே கதை. சில பில்களில் கழிவு போக நின்ற எடை, சிலவற்றில் கழிக்காத எடை. இதையெல்லாம் சரிசெய்ய எனக்குப் பதினோரு நாள் ஆனது. அதற்குப் பிறகு அலசல் வேலை ஒரு மதியத்தில் முடிந்தது.

வியாபாரத்தில் பிக் டேட்டா, அதாவது மலைபோல் குவியும் தகவலை அலசுவது, என்று கருத்தரங்குகளில் பேசுவதைக் கேட்டால் இந்தப் பதினோரு நாள் எங்கேயும் வராது. வண்ண வண்ண வரைபடம் வரும். அதனால் கொஞ்சம் பின்னால் போய், இது எப்படித் தொடங்கியது, இப்போது எங்கே வந்து நிற்கிறது என்று பார்த்துவிடலாம்.

டேட்டா பெருத்துப் போனதை அளவு, வேகம், வகை என்று மூன்று பக்கமாகப் பிரித்து 2001-ல் எழுதியவர் டக் லேனி என்ற ஆய்வாளர். அப்போது பெரும் பிரச்சினை, ஒரு கம்ப்யூட்டரில் அடங்காத டேட்டாவை என்ன செய்வது என்பதுதான். கூகுள் 2003-லும் 2004-லும் வெளியிட்ட இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் வழி காட்டின. வேலையைத் துண்டு துண்டாக வெட்டி, சாதாரண கம்ப்யூட்டர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து செய்து, கடைசியில் விடையை ஒன்றாகக் கோக்கலாம். களத்துமேட்டில் கூலியாட்களுக்குக் குவியலைப் பங்கு பிரித்துக் கொடுப்பது மாதிரிதான். அந்த யோசனையை யாரும் இலவசமாகப் பயன்படுத்தும் மென்பொருளாக்கி 2006-ல் வந்தது ஹடூப். உருவாக்கியவர்களில் ஒருவரான டக் கட்டிங், தன் மகனின் பொம்மை யானையின் பெயரையே அதற்கு வைத்தார். பிறகு அதே வேலையை இன்னும் வேகமாகச் செய்யும் ஸ்பார்க் வந்தது, கிளவுட் வந்தது, சொந்தமாக சர்வர் வாங்காமல் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம் என்றானது.

இப்போது காற்று எதிர்த்திசையில் அடிக்கிறது. ஒரு லேப்டாப்பின் நினைவகமும் வேகமும் எவ்வளவோ வளர்ந்துவிட்டன. ஆம்ஸ்டர்டாமில் உள்ள ஓர் ஆய்வு நிறுவனத்திலிருந்து 2019-ல் வெளிவந்த டக்டிபி என்ற இலவச மென்பொருள், கோடிக்கணக்கான வரிகளை ஒரே லேப்டாப்பில் ஓட்டி நொடிகளில் விடை சொல்கிறது. நான் பார்த்த மண்டியின் எட்டு வருஷக் கணக்கு மொத்தம் 4 லட்சம் வரிகூட இல்லை. எக்செல்லில் ஒரு தாளில் 10,48,576 வரிகள் அடங்கும். ஆக, கிருஷ்ணகிரி தர்மபுரியில் முக்கால்வாசி வியாபாரிகளிடம் இருப்பது 'பெரிய' டேட்டாவே கிடையாது. "உங்கள் தொழிலுக்கு பிக் டேட்டா தீர்வு" என்று வருஷ சந்தாவுக்கு ஆள் வந்தால், கணக்கில் எத்தனை வரி இருக்கிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள். அப்படி வாங்கிய டேஷ்போர்டை, எண்களை வரைபடமாகக் காட்டும் அந்தத் திரையை, இரண்டு மாதத்துக்குப் பிறகு யாரும் திறக்காத கடைகளை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, அப்படியானால் பிக் டேட்டாவுக்கும் நமக்கும் சம்பந்தம் இல்லையா? இருக்கிறது, வேறு பக்கத்திலிருந்து. நம் கணக்கு நமக்குச் சின்னது. நம்மைப் போன்ற கோடிப் பேரின் கணக்கு ஓரிடத்தில் சேரும்போதுதான் அது பெரியது. அப்படிச் சேர்த்து வைத்திருப்பவர்கள் நம் வியாபாரத்தை நம்மைவிட நன்றாகப் படிக்கிறார்கள்.

மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாது. இன்று அதே சந்தையில் டீக்கடைக்காரர் முன்னால் கியூஆர் அட்டை நிற்கிறது. 2016-ல் வந்த யுபிஐ, 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. ஒவ்வொன்றும் நேரம், தொகை, தந்தவர், வாங்கியவர் என்று எங்கோ ஒரு கணக்கில் ஒரு வரி. லாரி கிருஷ்ணகிரி டோல்கேட்டைத் தாண்டினால் ஃபாஸ்டேக்கில் ஒரு வரி. மாங்காய் லோடுக்கு, சரக்கு போகும்போது ஆன்லைனில் எடுக்கும் இ-வே பில் வேண்டாம், அதே காய் கூழாகி டிரம்மில் ஏறினால் வேண்டும். அங்கே இன்னொரு வரி. பெங்களூரு, சென்னை, சேலம் சாலைகள் வந்து கூடும் ஊர் நம்முடையது. நம்மூர் சரக்கு மட்டுமா, வெளியூர்ச் சரக்கும் நம் வழியாகப் போகும்போது ஒரு வரி எழுதிவிட்டுத்தான் போகிறது.

இதன் பொருள் என்ன என்பது 2025 ஜூலையில் ஒசூருக்கு அந்தப் பக்கம் தெரிந்தது. கர்நாடக வணிகவரித் துறை, யுபிஐ வரவை வைத்து ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பொருள் விற்பவர் வருஷத்துக்கு 40 லட்சம், சேவை தருபவர் 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும் என்பது விதி. பெங்களூருவில் பல கடைகள் கியூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு, கேஷ் மட்டும் என்று எழுதி ஒட்டின. காய்கறி, பால் போன்ற வரியில்லாப் பொருள் விற்றவர்களுக்கும் நோட்டீஸ் போயிருந்தது. இதில் எனக்குப் பட்டது ஒன்று. மொத்த வரவு எவ்வளவு என்பதை யுபிஐ துல்லியமாகச் சொன்னது. எதை விற்று வந்த வரவு என்பதை அது சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஒரே இடம் அந்தக் கடைக்காரரின் பில் புத்தகம். பில் வைத்திருந்தவருக்கு பதில் சொல்வது சுலபம். இல்லாதவர் வக்கீலைத் தேடி அலைய வேண்டியதாயிற்று.

இதே டேட்டா வரிகள் நமக்குச் சாதகமாகவும் வேலை செய்யத் தொடங்கியிருக்கின்றன. முன்பு பேங்கில் கடன் கேட்டால் பத்திரம் எங்கே, நகை எங்கே என்பார்கள். இப்போது பண வரத்தைப் பார்த்துக் கடன் தரும் முறை வளர்கிறது. 2021 செப்டம்பரில் செயல்பாட்டுக்கு வந்த அக்கவுண்ட் அக்ரிகேட்டர் முறையில், நாம் சம்மதம் கொடுத்தால் நம் பேங்க் கணக்கு விவரம் நேரே கடன் தருபவருக்குப் போகும். எதற்கு, எத்தனை நாளைக்கு என்று அந்தச் சம்மதத்தில் குறித்திருக்கும். ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் சோதனையாகத் தொடங்கி, பிறகு யுஎல்ஐ என்று பெயரிட்ட கடன் தளத்தில் முதலில் சேர்த்தவற்றில் பால் மாட்டுக் கடனும் ஒன்று. சொசைட்டிக்கு யார் எத்தனை லிட்டர் ஊற்றினார்கள் என்பதே வருமானச் சான்றாகிறது. நம் இரண்டு மாவட்டத்திலும் காலையும் மாலையும் கேனோடு சொசைட்டிக்குப் போகும் பெண்கள் ஏராளம். அவர்களில் பலருக்கு பேங்கில் காட்ட இருக்கும் ஒரே கணக்கு அந்தப் பால் சிட்டைதான்.

அடுத்தது வேகம். ராத்திரி கடை சாத்திய பிறகு கணக்குப் பார்ப்பது பழைய முறை. நடக்கும்போதே பார்ப்பது இன்றைய போக்கு. லிங்க்ட்இன் நிறுவனம் தன் தேவைக்காகக் கட்டி 2011-ல் பொதுவில் விட்ட காஃப்கா போன்ற மென்பொருள்கள் இதற்கு அடித்தளம். டேட்டாவைக் குளத்தில் தேக்கி வைத்து அள்ளாமல், வாய்க்காலில் ஓடும்போதே அள்ளிக்கொள்வது. மோசடிப் பரிவர்த்தனையைக் கண நேரத்தில் நிறுத்த வேண்டிய பேங்குக்கு இது உயிர். நமக்கு எவ்வளவு உதவும் என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

தக்காளியை எடுத்துக்கொள்ளுங்கள். பாலக்கோடு, ராயக்கோட்டை மார்க்கெட் விலை இன்று விடிவதற்குள் வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் போய்விடுகிறது. தர்மபுரி பட்டுக்கூடு விவசாயி, இங்கே விற்கலாமா ராமநகரம் போகலாமா என்று போனில் விலை பார்த்து முடிவு செய்கிறார். கூட்டுக்கு இது சரி. கூடு ஏற்கெனவே கையில் இருக்கிறது. தக்காளி அப்படியில்லை. 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாய் தாண்டியது. விலையைப் பார்த்து எல்லோரும் நாற்று வாங்கி நட்டார்கள். நட்டதிலிருந்து முதல் பறிப்புக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அந்தக் காய் வந்தபோது, செப்டம்பரில், பல மாநிலங்களில் விவசாயிக்குக் கிலோ பத்து ரூபாய்கூட நிற்கவில்லை. விலை வேகமாகத் தெரியத் தெரிய, எல்லோரும் ஒரே நாளில் ஒரே முடிவை எடுக்கிறார்கள். வேகம் இங்கே பள்ளத்தை ஆழமாக்குகிறது.

தக்காளி விவசாயிக்குத் தேவைப்படுவது இன்றைய விலையே இல்லை. இந்த வாரம் எத்தனை பேர் நடுகிறார்கள் என்பதுதான். அது யாருக்குத் தெரியும்? நாற்றுப் பண்ணைக்காரருக்கு. குழித்தட்டில் வளர்த்த நாற்று எத்தனை லட்சம் போனது, எந்த ஊருக்குப் போனது என்பது அவர் நோட்டில் இருக்கிறது. நாலு பண்ணைகள் அந்த எண்ணை வாரம் ஒருமுறை வெளியில் சொன்னால், இரண்டு மாதம் கழித்து மார்க்கெட்டில் என்ன நடக்கும் என்பதற்கு ஓரளவு குறிப்பு கிடைத்துவிடும். ஸ்பார்க்கும் வேண்டாம், காஃப்காவும் வேண்டாம், ஒரு எக்செல் தாள் போதும். ஆனால் எந்தப் பண்ணைக்காரர் தன் விற்பனையைப் போட்டியாளர் முன் விரித்து வைப்பார்? அங்கேயும் துண்டுக்குள் விரல்தான். பெயரை மறைத்து, கூட்டுத்தொகையை மட்டும் பொதுவில் வைக்கும் டேட்டா பகிர்வு முறைகள் பெரிய தொழில்களில் வளர்ந்து வருகின்றன. நம்மூர் விவசாய உற்பத்தியாளர் கம்பெனிகள் முயன்று பார்க்க வேண்டிய வேலை இது என்பது என் கருத்து.

ஒசூர் சிப்காட் பக்கம் போனால் காட்சியே வேறு. டூவீலர், லாரி கம்பெனிகளுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கும் சின்ன பட்டறைகளில் அனுபவமுள்ள ஆபரேட்டருக்குக் காதுதான் சென்சார். "ஸ்பிண்டில் சத்தம் மாறுது, பேரிங் போகப்போகுது" என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும். இப்போது அந்தக் காதின் வேலையை விரல் நுனி அளவு அதிர்வு சென்சார் செய்கிறது. நொடிக்கு ஆயிரக்கணக்கில் எண்கள் கொட்டும். எல்லாவற்றையும் கிளவுடுக்கு அனுப்பினால் இணையச் செலவும் வாடகையும் கட்டுப்படியாகாது. அதனால் மெஷின் பக்கத்திலேயே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் உட்கார்ந்து, வழக்கத்துக்கு மாறாக ஏதாவது வந்தால் மட்டும் தகவல் அனுப்புகிறது. எட்ஜ் என்று இதைச் சொல்கிறார்கள். பெரிய கம்பெனிகள் வாங்கும் பாகத்தோடு, அதைக் கடைந்தபோது எடுத்த அளவுகளையும் சேர்த்துக் கேட்பது பரவுகிறது. பாகம் சரியாக இருந்தால் போதும் என்ற காலம் போய், சரியாகச் செய்ததற்கான டேட்டாவும் சரக்கில் சேர்ந்துவிட்டது. ஜாப் ஒர்க் செய்யும் பட்டறைக்கு இது கூடுதல் செலவு. அதற்குத் தனியாகக் காசு கொடுக்கும் வழக்கம் வந்ததாகத் தெரியவில்லை.

அப்புறம் கணிப்பு. எல்லோரும் கேட்பது இதைத்தான். மண்டிக்காரரும் கேட்டார்: "அடுத்த சீசன் விலை என்ன வரும்னு இதுல தெரியுமா தம்பி?"

கூகுள் 2008-ல் ஃப்ளூ டிரெண்ட்ஸ் என்று ஒன்றைத் தொடங்கியது. மக்கள் எதைத் தேடுகிறார்கள் என்பதை வைத்து, எங்கே காய்ச்சல் பரவுகிறது என்று சொல்லும் முயற்சி. கோடிக்கணக்கான தேடல்கள் கையில் இருந்தும் 2013 வாக்கில் நிஜத்தைவிட மிக அதிகமாகக் கணித்துச் சறுக்கியது, 2015-ல் மூடிவிட்டார்கள். தேடல்கள் கோடி, ஆனால் காய்ச்சல் பருவம் வருஷத்துக்கு ஒன்றுதான். மண்டிக் கணக்கிலும் அதே சிக்கல். 4 லட்சம் வரி என்றாலும் சீசன் எட்டே எட்டு. பல மா ரகங்கள் ஒரு வருஷம் கொட்டும், மறு வருஷம் ஓய்வெடுக்கும். அப்படிப் பார்த்தால் காய்ப்பு வருஷம் நான்கு, ஓய்வு வருஷம் நான்கு. நான்கைப் பார்த்து ஐந்தாவதைச் சொல்வதற்குப் பெயர் கணிப்பு இல்லை, குறி.

எவ்வளவோ சொல்லியும் அவர் விடவில்லை. ஒரு எண்ணைக் கொடுத்தேன். 2025 ஜூனில் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்துக்குள் வெளிமாநிலத் தோத்தாபுரி வரக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். கர்நாடக முதல்வர் ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதும் அளவுக்குப் போனது. விளைச்சல் அதிகமான வருஷம் வேறு. விலை சரிந்து, விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினார்கள். நிஜ விலை என் எண்ணில் கால்வாசியைக்கூட எட்டவில்லை. பக்கத்து மாவட்ட கலெக்டர் என்ன கையெழுத்துப் போடுவார் என்பது எந்தப் பில் புத்தகத்திலும் கிடையாது.

ஆனால் அதே கணக்கில் நிச்சயமாகத் தெரிந்தவையும் இருந்தன. எந்த வியாபாரி சீசன் கடைசி வாரத்தில் பாக்கி வைக்கிறார், எந்தத் தோட்டத்துக் காயில் கழிவு அதிகம் விழுகிறது, எந்த ஃபேக்டரி லோடை அதிகம் திருப்பி அனுப்புகிறது. பாக்கி விஷயத்தில் ஒரே ஒரு முடிவு எடுத்ததில் எனக்குக் கொடுத்த கூலிக்கு மேல் வசூலாகிவிட்டது என்று அவரே சொன்னார். எதிர்காலத்தைச் சொல்லும் அலசலைவிட, நடந்ததை ஒழுங்காகச் சொல்லும் அலசலுக்குத்தான் நம்மூரில் காசு இருக்கிறது.

இப்போது எல்லோரும் பேசும் ஏஐ பக்கமும் ஒரு வார்த்தை. டேட்டாபேஸ் மொழி தெரியாதவர்களும் தமிழிலேயே கேள்வி கேட்கலாம், ஏஐ கேள்வியை எஸ்க்யூஎல் என்ற அந்த மொழிக்கு மாற்றி விடை எடுத்துக் கொடுக்கும். உண்மையிலேயே பெரிய மாற்றம் இது. மண்டிக்காரர் மகள் உட்கார்ந்து, "பெங்களூரா விலை எந்த வாரம் அதிகம்?" என்று தட்டினாள். பளிச்சென்று விடை வந்தது, ஜூன் மூன்றாவது வாரம். அவள் அப்பா நம்பவில்லை. காய் குவியும் வாரத்தில் விலை எப்படி ஏறும்? பார்த்தால், கிலோ விலைக்குப் பதில் பில் தொகையைக் கூட்டியிருக்கிறது. லோடு அதிகம், தொகை அதிகம். தப்பான விடையையும் சரியான விடையையும் அது ஒரே குரலில்தான் சொல்கிறது. மண்டியில் முப்பது வருஷம் நின்றவர் பக்கத்தில் இருந்ததால் பிடிபட்டது.

கடை கவுண்டரில் "நம்பர் சொல்லுங்க" என்று கேட்டு வாங்கும் போன் நம்பர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. கடைகள் பின்பற்ற வேண்டிய முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாதம் அவகாசம் இருக்கிறது. எதற்கு வாங்குகிறோம் என்று சொல்லி, சம்மதத்தோடுதான் வாங்க வேண்டும். அபராத உச்சவரம்பு 250 கோடி ரூபாய் வரை போகிறது. ஜவுளிக்கடைக்கு அவ்வளவு போடுவார்களா என்பது வேறு விஷயம். பில்லுக்கு வாங்கிய நம்பரை ஆடித் தள்ளுபடி மெசேஜுக்கு இன்னொருவருக்குக் கொடுக்கும் பழக்கத்தை நிறுத்திவிடுவது நல்லது.

மண்டிக் கணக்கில் ஒரு வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. மண்டிக்காரரின் அப்பா, கம்ப்யூட்டர் பில் வந்த பிறகும் தன் ரஃப் நோட்டை விடவில்லை. கடைசிப் பக்கங்களில் பென்சிலில் குறிப்புகள். "தை 12. பூ நிறைய." "மாசி பனி. பாதி கருகிப் போச்சு." "தத்துப்பூச்சி, மருந்து ரெண்டு தடவை." எந்தப் பில் மென்பொருளிலும் இதற்கு ஒரு கட்டம் கிடையாது. எட்டு வருஷ விலையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஏறிய வருஷமும் இறங்கிய வருஷமும் அந்தப் பென்சில் வரிகளோடு பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. இப்போது தனியாக ஒரு பத்தி போட்டு அவற்றை ஏற்றிக்கொண்டிருக்கிறேன். 2019-க்கு மட்டும் ஒன்றுமே இல்லை. பெரியவரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்தத் தையிலதானப்பா பேத்திக்குக் கல்யாணம், தோப்புப் பக்கம் எங்க போனேன்" என்றார்.